முதல் சர்வரில் என்ன சாப்ட்வேர் போடலாம்?

நான்கு நண்பர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு சிறிய சாப்ட்வேர் கம்பெனி தொடங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லேப்டாப் இருக்கிறது. வாடகைக்கு ஒரு அறையும் கிடைத்துவிட்டது. அடுத்து என்ன வேண்டும்? நால்வரும் எழுதும் புரோகிராம்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, சோதித்துப் பார்க்க ஒரு சர்வர் வேண்டும். அதில் என்னென்ன சாப்ட்வேர்களைப் போடுவது?

2022-ம் ஆண்டு இறுதியில் கோயம்புத்தூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நாங்கள் நால்வரும் இதே கேள்விக்கு விடை தேடினோம். இரண்டு வாரம் விவாதம் நடந்தது. பல முடிவுகள் சரியாக அமைந்தன. ஒன்றைக் கவனிக்காமல் விட்டோம். அந்த ஒன்று ஒரு அக்காவின் மூன்று வார உழைப்பைக் கொண்டு போய்விட்டது.

நீங்கள் கம்பெனி நடத்தாதவராக இருக்கலாம். போன மாதம்தான் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கலாம். இருந்தாலும் படியுங்கள். சர்வருக்குச் சாப்ட்வேர் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

சர்வர் என்பது என்ன?

சர்வர் என்றவுடன் குளிரூட்டப்பட்ட அறையில் அலமாரி போல நிற்கும் பெரிய இயந்திரங்கள் நினைவுக்கு வரும். அவையும் சர்வர்கள்தான். ஆனால் சர்வர் என்பது அது செய்யும் வேலையைக் குறிக்கும் பெயர். மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் எதுவாக இருந்தாலும் அது சர்வர்தான். எங்கள் முதல் சர்வர் ஒரு பழைய டெஸ்க்டாப். 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மானிட்டரும் கீபோர்டும் கூட அதற்குத் தேவைப்படவில்லை. நெட்வொர்க் கேபிளையும் யு.பி.எஸ்.ஸையும் இணைத்து, மேஜைக்கு அடியில் வைத்துவிட்டோம்.

டெவலப்மென்ட் சர்வர் என்பது இதில் ஒரு வகை. வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வர் வேறு. புரோகிராம் எழுதுபவர்கள் எழுதிப் பார்த்து, உடைத்துப் பார்த்து, சரி செய்யும் இடம் இது. கடைக்கு ஷோரூம் எப்படியோ, பட்டறை எப்படியோ, அது போலத்தான். டெவலப்மென்ட் சர்வர் பட்டறை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் எழலாம். புரோகிராம்களைச் சேமிக்க கிட்ஹப் போன்ற சேவைகள் இன்டர்நெட்டில் இருக்கின்றனவே, பிறகு எதற்குச் சொந்த சர்வர்? நியாயமான கேள்வி. 2020-ம் ஆண்டு ஏப்ரல் முதல் கிட்ஹப், மற்றவர் பார்க்க முடியாத தனிப்பட்ட களஞ்சியங்களை எத்தனை பேர் சேர்ந்து பயன்படுத்தினாலும் இலவசமாகவே தருகிறது. வெறும் புரோகிராமை மட்டும் சேமிப்பதாக இருந்தால் அதுவே போதும், சர்வர் வேண்டாம்.

எங்கள் நிலை வேறு. எங்கள் முதல் வாடிக்கையாளர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. எந்த லாட்டில் எந்த டெய்லர் எத்தனை பீஸ் தைத்தார், ஓவர்லாக்குக்கு என்ன ரேட், பேட்லாக்குக்கு என்ன ரேட் என்று கணக்கிட்டு, சனிக்கிழமைதோறும் சம்பளப் பட்டியல் தரும் புரோகிராம் ஒன்றை அவர்களுக்காக எழுதிக் கொண்டிருந்தோம். அதைச் சோதிக்க உண்மையான கணக்கு வேண்டும். உரிமையாளர் கணக்கு நோட்டுகளைக் கொடுத்தார். ஆனால், "வெளியே எங்கேயும் ஏத்தக் கூடாது தம்பி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் சொந்த சர்வர்.

ஆபரேட்டிங் சிஸ்டம் எது?

முதல் விவாதம் இதில்தான் தொடங்கியது. எங்களில் ஒருவன் விண்டோஸ் சர்வர் போடலாம் என்றான். பழகிய திரை, பழகிய மெனு. ஆனால் விண்டோஸ் சர்வருக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். அதன் வழக்கமான ஸ்டாண்டர்ட் பதிப்பில் சர்வருக்கு மட்டும் பணம் கட்டினால் போதாது. அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கும் அல்லது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனியாக அணுகல் லைசென்ஸ் தேவை. எங்கள் கையில் அவ்வளவு பணம் இல்லை. மேலும் எங்கள் புரோகிராம் கடைசியில் ஓடப் போவது லினக்ஸில்தான். பட்டறையிலும் அதுவே இருப்பதுதான் முறை.

சரி, லினக்ஸ் என்று முடிவாயிற்று. ஆனால் லினக்ஸில் பல விநியோகங்கள் உண்டு. கல்லூரி லேபில் சென்ட்ஓஎஸ் பழகிய நண்பன் அதையே சொன்னான். ஒரு காலத்தில் சர்வர் என்றாலே பலரும் சென்ட்ஓஎஸ் போட்டார்கள். ரெட் ஹேட் நிறுவனம் கட்டணத்துக்கு விற்கும் லினக்ஸின் அதே நிரல்களிலிருந்து உருவாக்கி, இலவசமாகத் தரப்பட்டது அது. அதன் 8-ம் பதிப்பு 2029 வரை பராமரிக்கப்படும் என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். 2020 டிசம்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. 8-ம் பதிப்பு 2021 டிசம்பர் 31-ம் தேதியோடு நின்றுவிடும் என்றது அந்த அறிவிப்பு. ஏழு ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே குறைந்து போயின. பழைய 7-ம் பதிப்பும் 2024 ஜூன் 30-ல் முடிவுக்கு வந்தது. அந்த இடத்தை நிரப்ப அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு விநியோகங்கள் 2021-ல் வெளிவந்தன.

இதிலிருந்து நாங்கள் கற்றது ஒன்று. ஒரு சாப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் முன் அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று மட்டும் பார்க்கக் கூடாது. எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் வரும், அதைத் தருவது யார் என்றும் பார்க்க வேண்டும். அப்டேட் நின்ற சாப்ட்வேர் மறுநாளும் ஓடும், அடுத்த மாதமும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது.

இறுதியில் டெபியன், உபுண்டு என்ற இரண்டில் வந்து நின்றோம். டெபியன் 1993-ல் தொடங்கப்பட்டது. உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் நடத்துவது. உபுண்டு அதை அடிப்படையாகக் கொண்டு 2004-ல் வந்தது. இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் மாதத்தில் நீண்ட காலப் பராமரிப்புக்கான உபுண்டு பதிப்பு வெளிவரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் இலவச அப்டேட் உண்டு. நாங்கள் உபுண்டு 22.04 பதிப்பைப் போட்டோம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நால்வரில் மூவர் லேப்டாப்பில் உபுண்டு இருந்தது. நள்ளிரவில் ஏதாவது தகராறு வந்தால் மூவரில் யாராவது ஒருவர் பார்த்துக் கொள்ளலாம் அல்லவா?

புரோகிராம்களைச் சேமிக்க கிட்

கல்லூரி பிராஜக்ட் செய்தவர்களுக்கு இது தெரியும். போல்டர் பெயர் பைனல் என்றிருக்கும். அடுத்து பைனல் 2. பிறகு ஒரிஜினல் பைனல். எது கடைசி என்று எழுதியவருக்கே மறந்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதுதான் வெர்ஷன் கன்ட்ரோல் சாப்ட்வேர். யார், எந்த நேரத்தில், எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கும். வேண்டுமென்றால் போன மாத நிலைக்கே திரும்பிப் போகலாம்.

இன்று இதில் பெரும்பாலோர் பயன்படுத்துவது கிட். இது பிறந்த கதையும் நமக்கு ஒரு பாடம்தான். லினக்ஸின் கெர்னல் நிரல்களைப் பராமரிக்க, 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிக சாப்ட்வேரை லினஸ் டோர்வால்ட்ஸ் பயன்படுத்தி வந்தார். அதைத் தயாரித்த நிறுவனம் லினக்ஸ் குழுவினருக்கு இலவசமாக அனுமதித்திருந்தது. 2005-ல் ஏற்பட்ட ஒரு தகராறில் அந்த இலவச அனுமதி விலக்கிக் கொள்ளப்பட்டது. பலர் வேலை செய்த ஒரு திட்டம் திடீரென்று கருவி இல்லாமல் நின்றது. அந்த ஏப்ரல் மாதத்தில் டோர்வால்ட்ஸே எழுதத் தொடங்கியதுதான் கிட். இலவசமாகக் கிடைப்பது வேறு, நம் கையை விட்டுப் போகாமல் இருப்பது வேறு. லைசென்ஸைப் படித்துப் பார்க்காமல் ஓகே பட்டனை அழுத்தும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. இந்தக் கதையை அப்போது நினைத்துக் கொள்ளுங்கள்.

கிட்டில் இன்னொரு முக்கியமான குணம் இருக்கிறது. பழைய முறைகளில் முழு வரலாறும் சர்வரில் மட்டும் இருக்கும். கிட்டில் ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் முழு வரலாற்றின் பிரதி இருக்கும். அப்போது இதை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. ஏழு மாதம் கழித்து இதுதான் எங்களைக் காப்பாற்றியது.

கிட் தனியாக ஒரு கட்டளைக் கருவிதான். பிரவுசரில் பார்க்க, பிழைகளைக் குறித்து வைக்க மேலே ஒரு சாப்ட்வேர் வேண்டும். கிட்லேப் போடலாம் என்று நான்தான் அடம் பிடித்தேன். மிகவும் வசதியானது. ஆனால் 4 ஜிபி, 8 ஜிபி என்று ராம் கேட்கும். எங்கள் மொத்த ராமே 8 ஜிபிதான். அதனால் கிட்டீ என்ற சிறிய சாப்ட்வேரைப் போட்டோம். 2016-ல் வேறொரு திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது இது. சில நூறு எம்பி ராமிலேயே ஓடிவிடும். கையளவு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரில் கூட இதைப் போடுகிறார்கள். நான்கு பேருக்கு இது தாராளம்.

டேட்டாபேஸும் மற்றவையும்

கணக்கு விவரங்களைச் சேமிக்க டேட்டாபேஸ் வேண்டும். மைஎஸ்க்யூஎல், அதிலிருந்து 2009-ல் பிரிந்த மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் ஆகிய மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்றில் எதைப் போட்டாலும் நான்கு பேர் கம்பெனிக்கு வேகம் போதும். வாடிக்கையாளரின் இடத்தில் எது ஓடப் போகிறதோ, அதையே, அதே பதிப்பு எண்ணோடு இங்கேயும் போட வேண்டும். இதுதான் விதி. நாங்கள் போஸ்ட்கிரெஸ் போட்டோம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? தானாகச் சோதனை நடத்தும் ஜென்கின்ஸ், எங்களுக்குள் பேசிக் கொள்ள ஒரு சாட் சர்வர், குறிப்பு எழுத ஒரு விக்கி என்று வரிசையாகப் போட்டோம். நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து கொண்டு சாட் சர்வரில் பேசினோம் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு, ஒரு அப்டேட், ஒரு தலைவலி. மூன்றே மாதத்தில் மூன்றையும் எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டோம். புதிதாக ஒரு சாப்ட்வேர் வேண்டும் என்பவர், அதைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்புக்குத் தன் பெயரைச் சுவரில் உள்ள தாளில் எழுத வேண்டும். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை

பனியன் கம்பெனியின் கணக்கு நோட்டுகளை டேட்டாபேஸில் ஏற்ற வேண்டியிருந்தது. நண்பனின் அக்கா அதற்கு முன்வந்தார். கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர். லாட் நம்பர், பீஸ் ரேட் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பகலில் வீட்டு வேலை. குழந்தைகள் தூங்கிய பிறகு இரவு 10 மணிக்கு உட்கார்ந்து 1 மணி வரை அடிப்பார். மூன்று வாரத்தில் ஆறு நோட்டுகளை முடித்துவிட்டார். முதல் பில் பணம் வந்தவுடன் அவருக்குக் கூலி தருவதாகப் பேச்சு.

வரும் சனிக்கிழமை சம்பளத்தை எங்கள் புரோகிராமில் போட்டுப் பார்க்கலாம் என்று உரிமையாளர் சம்மதித்திருந்தார். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. யு.பி.எஸ். பேட்டரி ஏற்கனவே வீக். மூன்றாம் முறை மின்சாரம் வந்தபோது மேஜைக்கு அடியிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

நாங்கள் பதறவில்லை. பேக்கப் இருக்கிறதே! தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸை ஒரே பைலாக எடுத்து, சுருக்கி, யு.எஸ்.பி. டிஸ்க்கில் வைக்கும்படி நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். இடம் நிறையாமல் இருக்க 30 நாளுக்கு மேற்பட்ட பைல்களை அதுவே அழித்துவிடும். டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் செருகினேன். 30 பைல்கள் வரிசையாக, தேதியோடு இருந்தன. மனதுக்கு நிம்மதி. அளவைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 20 பைட்.

20 பைட் என்பது ஒன்றுமே இல்லாததைச் சுருக்கினால் வரும் அளவு. காலி டப்பாவுக்கு மூடி போட்டு லேபிள் ஒட்டி அடுக்கி வைத்தது போல.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. 38 நாட்களுக்கு முன் பாதுகாப்புக்காக டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். ஸ்கிரிப்ட்டில் மாற்ற மறந்துவிட்டேன். அன்று முதல் டேட்டாபேஸ் கதவைத் திறக்கவில்லை. ஸ்கிரிப்ட் மட்டும் கடமை தவறாமல் ஓடி, காலி பைலைச் சுருக்கி வைத்தது. அதோடு விட்டிருந்தால் பழைய நல்ல பைல்களாவது மிஞ்சியிருக்கும். 30 நாளுக்கு மேற்பட்டதை அழி என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? அதையும் ஒழுங்காகச் செய்திருந்தது.

புரோகிராம்கள் தப்பித்தன. கிட் நால்வர் லேப்டாப்பிலும் முழுப் பிரதி வைத்திருந்ததால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் கிடைத்துவிட்டது. அக்கா அடித்த ஆறு நோட்டுகள் மட்டும் எங்கேயும் இல்லை.

அன்று மாலை நானும் நண்பனும் அக்கா வீட்டுக்குப் போனோம். நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார், "எடுத்து வச்சோம், எடுத்து வச்சோம்ங்கறீங்க. எடுத்து வச்சத ஒரு நாளாச்சும் தொறந்து பாத்தீங்களா தம்பி?"

நான்கு இன்ஜினியர்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது.

எங்களுக்கு மட்டுமா?

பின்னால் தேடிப் படித்தபோது, பெரிய இடங்களிலும் இது நடந்திருப்பது தெரிந்தது. நான் போட ஆசைப்பட்ட கிட்லேப் சாப்ட்வேரைத் தயாரிக்கும் நிறுவனமே ஒரு உதாரணம். 2017 ஜனவரி 31-ம் தேதி இரவு, அவர்களுடைய இன்ஜினியர் ஒருவர் டேட்டாபேஸ் கோளாறு ஒன்றைச் சரி செய்யும்போது, தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். உடனே நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது.

பேக்கப்பைத் தேடினார்கள். இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ பழைய 9.2 பதிப்பு. பதிப்பு பொருந்தாததால் தினமும் தோல்வி. தோல்வியைச் சொல்ல வேண்டிய இமெயில்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டு வந்தன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதி தற்செயலாக இருந்தது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்களின் விவரங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனாளர்கள் போனவை போனவைதான். அங்கேயும் கிட்டில் இருந்த நிரல்களுக்குச் சேதமில்லை, டேட்டாபேஸில் இருந்தவைதான் போயின. நடந்ததை மறைக்காமல் அந்த நிறுவனம் முழுவதையும் வெளியிட்டது. அதனால்தான் இன்று நாம் படித்துக் கற்றுக் கொள்ள முடிகிறது.

இரண்டாம் முறை

திருப்பூர் உரிமையாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி இரண்டு வார அவகாசம் கேட்டோம். திட்டினார். ஆனால் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை சம்பளம் வழக்கம் போல நோட்டிலும் கால்குலேட்டரிலும் போடப்பட்டது. அக்கா நோட்டை வாசிக்க, நாங்கள் மாற்றி மாற்றி அடித்தோம். 11 நாளில் முடிந்தது. கூலியை இரண்டு முறைக்கும் சேர்த்துக் கொடுத்தோம்.

சர்வரைத் திரும்ப அமைத்தபோது ஆபரேட்டிங் சிஸ்டம், கிட், கிட்டீ, போஸ்ட்கிரெஸ் எதையும் மாற்றவில்லை. தேர்ந்தெடுத்தவற்றில் குறை இல்லை. மாற்றியவை இவைதான்:

1. ஒன்றுக்குப் பதில் இரண்டு புதிய டிஸ்க்குகள். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி இணைத்தோம். ஒன்று போனாலும் மற்றது ஓடும். ஆனால் இது பேக்கப் ஆகாது. தவறாக ஒரு பைலை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

2. டிஸ்க்கின் உடல்நிலையைச் சோதித்துச் சொல்லும் ஸ்மார்ட் கருவியைப் போட்டோம். பல சமயங்களில் டிஸ்க் சாவதற்கு முன் அறிகுறி காட்டும்.

3. மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு கட்டிடத்தில். வெளியே போகும் பிரதியைப் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்கிறோம். உரிமையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கினோம்.

4. பேக்கப் பைலின் அளவு முந்தைய நாளைவிட மிகவும் குறைந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். பழையதை அழிக்காது. வெற்றி என்றாலும் தினமும் ஒரு செய்தி வரும். செய்தி வராத நாளே எச்சரிக்கை.

5. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒத்திகை. ஒரு காலி கம்ப்யூட்டரை எடுத்து, பேக்கப்பை மட்டும் வைத்து முழு சர்வரையும் திரும்ப உருவாக்க வேண்டும். முதல் முறை நான்கு மணி நேரம் ஆனது. இப்போது 50 நிமிடம். ஒவ்வொரு முறையும் வேறொருவர் செய்ய வேண்டும். அப்போதுதான் எழுதி வைத்த குறிப்பில் உள்ள ஓட்டைகள் தெரியும்.

ஒத்திகை சரியா என்று யார் சொல்வது? நாங்கள் சொல்ல முடியாது. அக்கா வருவார். நோட்டைத் திறந்து ஏதாவது மூன்று லாட் நம்பர்களைச் சொல்வார். திரையில் வரும் கணக்கும் நோட்டில் உள்ளதும் ஒத்துப் போனால் டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மூன்று கேள்விகள்

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். எந்த சாப்ட்வேரைப் போடும் முன்பும் இந்த மூன்றைக் கேளுங்கள்.

இதற்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று செட்டிங்ஸ் பகுதியில் இன்றே பாருங்கள்.

இது கெட்டுப் போனால் வீட்டில் யார் பார்த்துக் கொள்வார்? விடை இல்லையென்றால், எவ்வளவு நல்ல சாப்ட்வேராக இருந்தாலும் வேண்டாம். உங்களுக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் தெரிந்த எளிய சாப்ட்வேர் போதும்.

இதில் சேமித்தவை போனால் எப்படித் திரும்ப எடுப்பேன்? இதற்கு வாயால் விடை சொல்லக் கூடாது. செய்து பார்க்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். போட்டோக்களையும் சான்றிதழ்களையும் காப்பி செய்து பீரோவில் வைத்திருக்கிறீர்களே, அந்த பென் டிரைவ் அல்லது டிஸ்க்கை எடுங்கள். முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். பைல்களின் பெயர்கள் தெரிகின்றன என்று திருப்தி அடைய வேண்டாம். அளவைப் பாருங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்றைத் திறந்து பாருங்கள். மூன்றும் திறந்தால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. திறக்காவிட்டாலும் கவலை வேண்டாம். ஒரிஜினல் இன்னும் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அன்றே புதிதாக ஒரு காப்பி எடுத்து, அதையும் திறந்து பார்த்துவிடுங்கள்.